இருபது நிமிட உடற்பயிற்சி: ஓர் அனுபவமும் ஓர் ஆராய்ச்சியும்

சென்ற ஆண்டு ஆவணித் திங்களில் ஒரு நாள் எங்கள் விடுதியின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. "இருபதே நிமிடம், கருவி வேண்டா, பழக்கம் வேண்டா, எல்லோரும் வரலாம்" என்பது அதன் சாரம். தில்லிக்கு வந்து இரண்டாண்டுகள் ஆகியும், அறைக்கும் மெஸ்ஸுக்கும் நூலகத்துக்கும் இடையே நடப்பதைத் தவிர வேறு உடலுழைப்பு அறியாதவன் நான். நூலகத்தின் நான்காம் மாடிக்குப் படியேறிச் சென்றால், எனக்கு வேண்டிய நூலின் பெயரைக் கேட்பதற்கே சிறிது நேரம் மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதிலே நகைப்பதற்கு ஒன்றுமில்லை. என் தந்தையார் தம் 48 ஆம் வயதில் மாரடைப்புக்கு ஆளாகிப் பிழைத்தவர். ஞாயிறுதோறும் தொலைபேசியில் அவர் கேட்கும் முதற் கேள்வி, "தினமும் நடக்கிறாயாப்பா?" என்பதுதான். "நடக்கிறேன் அப்பா" என்று சொல்லிவிடுவேன். அது பொய். அந்தப் பொய்யின் உறுத்தல்தான் என்னை அந்த வகுப்புக்கு இழுத்துச் சென்றது.

பூப்பந்து ஆடும் கூடத்தில் முப்பது பேர் வரிசையாக நின்றோம். பயிற்சியாளர் ஹரியானாவைச் சேர்ந்த இளைஞர். சுவரில் பெரிய கடிகாரம். இருபது வினாடி முழு வேகத்தில் உழைப்பு, பத்து வினாடி ஓய்வு. மீண்டும் இருபது வினாடி. கைகால்களை விரித்துக் குதித்தல், நின்ற இடத்திலேயே ஓடுதல், பஸ்கி, தண்டால், பிறகு இவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டியது போன்ற 'பர்ப்பி'. "தஸ், நௌ, ஆட்" என்று அவர் இறங்குமுகமாக எண்ணுவார், எண்ணி முடிந்தது என்று நாம் நம்பும்போது "ஏக் அவுர்!" என்பார். என் வலப்பக்கத்தில் நின்றவர் பல்கலைக்கழக ஓட்டப்பந்தய வீரர். அவர் குதித்த அளவு நானும் குதித்தேன்; அவர் எழுந்த வேகத்தில் நானும் எழுந்தேன். ஒன்பதாம் நிமிடத்தில் கண் இருண்டது. வெளியே ஓடி, மரத்தடியில் வாந்தி எடுத்தேன். "முதல் நாள் எல்லோருக்கும் இப்படித்தான்" என்று முதுகில் தட்டினார் பயிற்சியாளர். அடுத்த மூன்று நாட்களும் படிக்கட்டில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டுதான் இறங்கினேன்.

அந்த வாரச் சங்கக் கூட்டத்துக்கு நொண்டிக்கொண்டு வந்த என்னைப் பார்த்து, உடற்செயலியலில் ஆராய்ச்சி செய்யும் நம் சங்கத்து அக்கா ஒருவர் விவரம் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கால் உன்னுடையது தம்பி, வேகம் மட்டும் பக்கத்தில் நின்றவனுடையது. இரவல் வேகத்தில் ஓடினால் இப்படித்தான்" என்றார். பிறகு சில ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிக்கத் தந்தார். அவற்றால் அறிந்ததையும், பின்னர் ஓராண்டுப் பழக்கத்தால் அறிந்ததையும் நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இம்முறை வந்த வழி

சிறிது நேரம் கடுமையாக உழைத்து, சிறிது இளைப்பாறி, மீண்டும் உழைக்கும் இம்முறை புதியதன்று. இதை 'இடைவெளிப் பயிற்சி' எனலாம். 1930-களில் ஜெர்மனியில் பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ஷ்லரும் மருத்துவர் ஹான்ஸ் ரைண்டெலும் இதை நாடித்துடிப்பின் கணக்கோடு முறைப்படுத்தினர். கெர்ஷ்லரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939-இல் 800 மீட்டர் தூரத்தை 1 நிமிடம் 46.6 வினாடியில் ஓடினார். அந்தச் சாதனை 1955 வரை நின்றது. செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஜாட்டோபெக் 400 மீட்டர் ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓடிப் பழகியவர். 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மராத்தான் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார்.

மாணவராகிய நமக்கு இவர்களைவிட நெருங்கியவர் ரோஜர் பானிஸ்டர். 1954 மே 6 ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 வினாடியில் ஓடி, நான்கு நிமிட எல்லையை முதன்முதல் உடைத்தவர். அப்போது அவர் லண்டனில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்தார். வகுப்பும் மருத்துவமனையும் போக, நண்பகல் உணவு வேளையில் கிடைத்த சிறு பொழுதுதான் அவருக்குப் பயிற்சி நேரம். கால் மைல் ஓடுவது, இளைப்பாறுவது, மீண்டும் ஓடுவது என்று பத்து முறை. இதுவே அவருடைய முக்கியமான பயிற்சியாக இருந்தது. 'நேரமில்லை' என்று சொல்லும் நாம் அவரை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நன்று.

இன்றைய வகுப்புகளில் ஒலிக்கும் 'தபாட்டா' என்பது ஒரு ஜப்பானிய அறிஞரின் பெயர். இசுமி தபாட்டாவும் அவருடைய குழுவினரும் 1996-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இளம் உடற்கல்வி மாணவர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவு ஆறு வாரம், வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 60 நிமிடம் மிதமான வேகத்தில் நிலைச் சைக்கிள் மிதித்தது. மற்றப் பிரிவு அதே ஆறு வாரத்தில் பெரும்பாலான நாட்களில் 20 வினாடி மிகக் கடுமையாக மிதித்து, 10 வினாடி ஓய்ந்து, இவ்வாறு 7 அல்லது 8 சுற்று மட்டும் செய்தது. அதாவது, உடலைச் சூடேற்றிக்கொள்ளும் நேரம் நீங்கலாக ஏறத்தாழ 4 நிமிடம். உடல் ஒரு நிமிடத்தில் அதிகப்பட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த இயலும் என்ற அளவு இரு பிரிவிலும் உயர்ந்தது. ஆனால் ஆக்சிஜன் போதாத நிலையிலும் உழைக்கும் ஆற்றல் இரண்டாம் பிரிவில் மட்டும் உயர்ந்தது. அவ்வுயர்வு 28 விழுக்காடு.

2016-இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலாவின் குழு, விளையாட்டு வீரரல்லாத, உட்கார்ந்தே பழகிய ஆடவரை ஆராய்ந்தது. ஒரு பிரிவுக்கு 45 நிமிட மிதமான பயிற்சி. மற்றொரு பிரிவுக்கு மொத்தம் 10 நிமிடம். அதற்குள் 20 வினாடி முழு வேகம் மூன்றே முறை, மற்ற நேரமெல்லாம் மெல்ல மிதித்தல். வாரத்துக்கு மூன்று நாள் வீதம் 12 வாரம் கழித்து அளந்தபோது, ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் இரு பிரிவிலும் ஏறத்தாழ 19 விழுக்காடு உயர்ந்திருந்தது. என்போன்றோர்க்கு நம்பிக்கை தருவது இதுவே.

'பர்ப்பி'யின் கதையும் சுவையானது. ராயல் பர்ப்பி என்னும் அமெரிக்கர் 1930-களில் ஒருவரின் உடல் தகுதியை விரைவில் அறிவதற்காக இதை அமைத்தார். குந்துதல், கால்களைப் பின்னே நீட்டுதல், மீண்டும் குந்துதல், எழுதல் என்று நான்கே அசைவுகள். அதையும் சில முறை மட்டும் செய்யச் சொல்லி நாடியை அளந்தார். அளவுகோலாகப் பிறந்தது பிற்காலத்தில் நூற்றுக்கணக்கில் செய்யும் பயிற்சியாயிற்று. நம் ஊர்த் தண்டாலும் பஸ்கியும், வடநாட்டு அகாடாக்களின் தண்டும் பைட்டக்கும் அறிந்தவர்க்கு இவ்வசைவுகள் அயலாகத் தோன்றா.

உடலுக்குள் நிகழ்வது

நம் தசைகளுக்கு மூன்று அடுப்புகள் உண்டு. முதலாவதைக் கற்பூரம் எனலாம். தசைக்குள்ளேயே சேர்த்து வைத்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் என்னும் பொருள் உடனே பற்றும். ஏறத்தாழப் பத்து வினாடியில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இரண்டாவது வைக்கோல். தசையில் உள்ள சர்க்கரை, ஆக்சிஜன் வந்து சேரும் வரை காத்திராமல் விரைந்து எரியும்; லாக்டேட் என்னும் பொருளும் அமிலத்தன்மையும் பெருகும். மூன்றாவது நல்ல விறகு. பற்றுவதற்கு நேரமாகும், ஆனால் ஆக்சிஜனின் துணையோடு நெடுநேரம் நின்று எரியும்.

மெல்ல நடக்கும்போது விறகடுப்பு ஒன்றே போதும். முழு வேகத்தில் குதிக்கும்போது கற்பூரமும் வைக்கோலும் முந்திக்கொள்ளும். பத்து வினாடி ஓய்வில் கற்பூரம் முழுதும் நிரம்பாது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் விறகடுப்பின் மீது சுமை ஏறிக்கொண்டே போகும். ஓய்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 5 லிட்டர் அளவு இரத்தத்தை வெளியேற்றும் இதயம், கடும் உழைப்பில் 20 லிட்டர் வரை வெளியேற்ற வேண்டியதாகிறது. இந்த நெருக்கடி வாரந்தோறும் திரும்பத் திரும்ப வரும்போது உடல் தன்னைத் திருத்திக்கொள்கிறது. இதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தை வெளியேற்றப் பழகுகிறது. தசையணுக்களில் விறகடுப்பாக விளங்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது. குறுகிய பயிற்சி பலன் தருவதற்கு இதுவே காரணம். பலனைத் தருவது நேரத்தின் குறுக்கமன்று, நெருக்கடியின் உண்மை.

ஈண்டு இரண்டு தவறான எண்ணங்களை நீக்க வேண்டும். மறுநாள் வரும் தசைவலிக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்பர். அது சரியன்று. லாக்டேட் சிறிது நேரத்திலேயே கரைந்துபோகும். அதை இதயமும் பிற தசைகளும் எரிபொருளாகவே கொள்ளும். ஒன்று முதல் மூன்று நாள் நிற்கும் வலி, பழகாத உழைப்பால் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவின் விளைவு. இரண்டாவது, பயிற்சி முடிந்தபின் நாள் முழுதும் கொழுப்பு தானே எரியும் என்பது. பின்னரும் ஆக்சிஜன் செலவு சற்றுக் கூடியிருப்பது உண்மைதான். ஆனால் அந்த மிகுதி சிறிதே. மாலையில் உண்ணும் இரண்டு சமோசாவுக்கு அது ஈடாகாது.

கூட்டத்தின் வலிமையும் மயக்கமும்

தனியே அறையில் இதைச் செய்ய முடியாதா? முடியும். ஆயினும் பெரும்பாலோர் செய்வதில்லை. நானும் மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் கட்டிலில் முடித்தவன். 1898-இல் நார்மன் டிரிப்லெட் என்னும் அமெரிக்கர், சைக்கிள் வீரர்கள் தனியே ஓட்டுவதைவிடப் பிறரோடு ஓட்டும்போது விரைவதைப் பதிவேடுகளிலிருந்து எடுத்துக் காட்டினார். ஆக்ஸ்போர்டின் படகோட்டும் மாணவரை வைத்து நடத்தி 2010-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இன்னும் நுட்பமானது. ஒரே அளவு உழைப்பைத் தனியே செய்தபின்னும், குழுவாகச் செய்தபின்னும் அவர்கள் எவ்வளவு வலியைத் தாங்குகிறார்கள் என்று அளந்தனர். குழுவாகச் செய்த நாளில் தாங்கும் அளவு கூடுதலாக இருந்தது.

இதுதான் கூட்டத்தின் கொடை. இதுதான் கூட்டத்தின் ஆபத்தும்கூட. வலி என்பது உடலின் காவற்காரன். கூட்டத்தில் அக்காவற்காரன் சற்றே கண்ணயர்கிறான். பழகியவனுக்கு அது கூடுதல் வலிமை. பழகாதவனுக்கு மரத்தடியும் வாந்தியும்.

தபாட்டாவின் ஆராய்ச்சியை மீண்டும் படித்தபோது ஒன்று விளங்கியது. அங்கே கடிகாரம் எல்லோருக்கும் ஒன்று. சைக்கிளின் சுமையோ ஒவ்வொருவரின் திறனையும் முன்னரே அளந்து, அவரவர்க்குத் தனித்தனியே வைக்கப்பட்டது. ஒன்பது சுற்றுக்கு மேல் ஒருவரால் செய்ய முடிந்தால் அவருடைய சுமை மட்டும் கூட்டப்பட்டது. நம் வகுப்புகள் கடிகாரத்தை எடுத்துக்கொண்டன; அளவுகோலை விட்டுவிட்டன. கடிகாரம் பொது, அளவு தனி. இந்த ஒன்றை நினைவிற் கொண்டால் எந்தக் கூட்ட வகுப்புக்கும் அச்சமின்றிப் போகலாம்.

தன் அளவை அறிவது எப்படி?

அதற்குக் கருவி வேண்டுவதில்லை, பேச்சே அளவுகோல். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச முடியவில்லை என்றால் கடும் உழைப்பு. உழைப்புச் சுற்றின் முடிவில் இரண்டாம் நிலை வரலாம், வரவும் வேண்டும். ஆனால் ஓய்வு முடிவதற்குள், சங்கக் கூட்டத்தில் நம்மை அறிமுகம் செய்துகொள்வது போலப் பெயர், ஊர், துறை மூன்றையும் தடையின்றிச் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லையெனில் அடுத்த சுற்றை விட்டுவிட்டு நடந்துகொண்டே இருக்கலாம். அதில் இழிவு ஒன்றுமில்லை.

நாடியைக் கொண்டும் அளக்கலாம். 220-இலிருந்து வயதைக் கழித்தால் வருவது நாடித்துடிப்பின் உச்ச அளவு என்பர். இருபது வயதினர்க்கு 200. இது மதிப்பீடே, ஆளுக்கு ஆள் பத்துக்கு மேலும் வேறுபடும். ஸ்வீடன் நாட்டு உளவியலறிஞர் குன்னர் போர்க், உழைப்பின் கடுமையை உழைப்பவனே 6 முதல் 20 வரை எண்ணால் சொல்லும் முறையை வகுத்தார். 6 என்பது உழைப்பே இல்லாத நிலை. 20 என்பது இதற்கு மேல் இயலாத நிலை. தொடக்க மாதத்தில் 15-ஐத் தாண்டாமலிருப்பது என் வழக்கமாயிற்று.

புதிதாகத் தொடங்குவோர்க்கு ஒரு முறை சொல்வேன். முதல் 5 நிமிடம் விரைந்த நடை, தோளையும் இடுப்பையும் சுழற்றுதல், மெல்லிய பஸ்கி. பின்னர் 20 வினாடி உழைப்பு, 40 வினாடி ஓய்வு. இவ்வாறு 8 சுற்று. குதிப்பதற்குப் பதில் நின்ற இடத்திலேயே வேகமாக நடக்கலாம். தரையில் தண்டால் இயலாதவர் சுவரில் கையூன்றிச் செய்யலாம். கடைசி 5 நிமிடம் மெல்ல நடந்து மூச்சை அடக்க வேண்டும், திடீரென்று உட்காரலாகாது. உட்கார்ந்தால் கால்களில் இரத்தம் தேங்கித் தலைசுற்றும். மூன்று நான்கு வாரம் கழித்து 30 வினாடி உழைப்பு, 30 வினாடி ஓய்வு என மாற்றலாம். வாரத்துக்கு இரண்டு நாள், இடையில் குறைந்தது ஒரு நாள் விட்டு. வயிறு நிறைய உண்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். என்னைப் போல் நண்பகலிலிருந்து பட்டினியாகவும் போகலாகாது. ஒரு வாழைப்பழம் போதும்.

இருபது நிமிடத்தோடு எல்லாம் முடிந்ததென்றும் எண்ண வேண்டா. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்போ, 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்போ வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அறிவுரை. வாரம் இரு வகுப்பு அதற்குப் போதாது. மற்ற நாட்களில் நடக்கத்தான் வேண்டும். நார்வேயில் 70 வயதைக் கடந்த 1,500-க்கும் மேற்பட்டோரை ஐந்தாண்டு தொடர்ந்து ஆராய்ந்து 2020-இல் முடிவு வெளியிட்டனர். கடும் இடைவெளிப் பயிற்சி செய்தவர், மிதமாகச் செய்தவர், பொதுவான அறிவுரைப்படி நடந்தவர் ஆகியோரிடையே இறப்பு விகிதத்தில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. கடுமையே உயர்ந்தது என்ற செருக்குக்கு இடமில்லை. தொடர்ந்து செய்வதே முதன்மை.

எச்சரிக்கை

நெஞ்சுவலி, மயக்கம், நாடி தாறுமாறாகத் துடித்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அக்கணமே நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும். பயிற்சிக்குப் பின் தசை வீங்கிக் கடுமையாக வலித்து, சிறுநீர் பால் கலவாத தேநீரின் நிறத்தில் போனால், தசை சிதைந்து அதன் பொருள்கள் சிறுநீரகத்தைத் தாக்குகின்றன என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல் உள்ள நாளில் பயிற்சி கூடாது. குடும்பத்தில் இளவயதில் இதயநோய் கண்டவர் இருந்தால், தொடங்குமுன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. தவறு இரு பக்கத்தும் உண்டு.

தில்லியில் வாழ்வோர்க்கு இன்னொன்றும் உண்டு. ஓய்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும் நாம், கடும் உழைப்பில் 100 லிட்டர் அளவுக்கும் இழுக்கிறோம். கார்த்திகை, மார்கழியில் காற்றின் தரக் குறியீடு 300-ஐத் தாண்டிய நாளில் வெளியில் இதைச் செய்வது, புகையை வலிந்து குடிப்பதாகும். அந்நாளில் அறைக்குள் மெல்லிய பயிற்சியோடு நிறுத்திக்கொள்வதே அறிவு.

பின்னர் நிகழ்ந்தது

அக்கா சொன்னபடி பல்கலைக்கழக மருத்துவரிடம் சென்றேன். இரத்த அழுத்தம் பார்த்தார். இதயத்தின் மின்பதிவு எடுத்தார். "செய்யலாம், மெல்லத் தொடங்கு" என்றார். மீண்டும் அதே வகுப்புக்குப் போய், தந்தையாரின் நோயைப் பயிற்சியாளரிடம் சொன்னேன். அவர் முகம் மாறிற்று. "முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், தம்பி" என்று இந்தியில் சொல்லி, என்னைக் கடைசி வரிசையில், சுவரோரம் நிறுத்தினார். அதன்பின் புதிதாக வருபவர் எவரையும் நோய் விசாரியாமல் அவர் வரிசையில் நிறுத்தியதை நான் பார்க்கவில்லை. "ஏக் அவுர்" என்று அவர் கூவும்போது சில நாள் செய்வேன். சில நாள் நின்று மூச்சு வாங்குவேன். எது என் அளவு என்பதை நானே முடிவு செய்யப் பழகினேன். அதுவே அவ்வகுப்பில் நான் கற்ற பாடம்.

இப்போது நான்காம் மாடி ஏறியவுடன் நூலின் பெயரை மட்டுமன்றி ஆசிரியர் பெயரையும் சேர்த்தே கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கேள்விக்கு என் விடை மாறவில்லை. அது மெய்யாகிவிட்டது, அவ்வளவே.

நண்பர்களே! வரும் மாதம் முதல் சனிக்கிழமைதோறும் காலை ஆறரை மணிக்கு, காற்று நன்றாக இருக்கும் நாட்களில், விடுதியின் பின்புறத் திடலில் நம் சங்கத்தினர் சிலர் கூட எண்ணியிருக்கிறோம். இருபது நிமிடம்; அதன் பின் இட்டலி. அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வேகத்தை மட்டும் இரவல் வாங்காமல் வருக.